கர்ப்பப்பை ஆபரேஷன்: அதற்குப் பிறகான ஆறு வாரத்தின் வரலாறு

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு." தேனி, கம்பம் பக்கம் நாற்பது வயதை ஒட்டிய பெண்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வந்துபோகும் வாக்கியம் இது. கேட்பவர்களும் "அப்பாடா, தொல்லை விட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் வேறு வகைத் தொல்லை ஆரம்பமாகிறது. தையல் வலி, வாயு வலி, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, சில பேருக்குக் காய்ச்சல், சில பேருக்குத் திடீர் ரத்தப்போக்கு... ஆபரேஷன் முடிய ஒன்றிரண்டு மணி நேரம் போதும். உடம்பு தேற சுமார் ஆறு வாரம் வேண்டும்.

ஆபரேஷனின் வரலாற்றை மருத்துவப் புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. அந்த ஆறு வாரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிழைத்ததே அதிசயம்

1813ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கான்ராட் லாங்கன்பெக் என்ற டாக்டர் ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைப் பிறப்புறுப்பு வழியாக அகற்றினார். மயக்க மருந்து கிடையாது. உதவிக்கு இருந்தவருக்கோ கீல்வாதம், எழுந்து வர முடியவில்லை. ஒரு கையால் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையாலும் பல்லாலும் லாங்கன்பெக் முடிச்சுப் போட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் மற்ற டாக்டர்கள் யாரும் நம்பவில்லை. 26 ஆண்டுகள் கழித்து அவர் இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை செய்து பார்த்துத்தான் நம்பினார்கள்.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் இன்னும் பயங்கரம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் கிளே 1843ல் செய்தார். அந்தப் பெண் ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு பெண்ணுக்குச் செய்தார். அவர் இரண்டு வாரம் தாக்குப்பிடித்துத் தேறி வந்தார். படுக்கை மாற்றும்போது கீழே விழுந்து, அதன்பின் இறந்துபோனார். கத்தியில் தப்பிய உயிர் கவனிப்பில் போயிற்று! ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்பும் ஆபரேஷன் அளவுக்கு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1853ல் அமெரிக்காவின் லோவல் நகரில் வால்டர் பர்னம் செய்த ஆபரேஷனில்தான் வயிறு வழியாகக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண் ஒருவர் முதன்முதலாகப் பிழைத்தார். பர்னம் அதற்குப் பிறகு 15 பேருக்குச் செய்தார். பிழைத்தவர்கள் 3 பேர்தான்.

ஒவ்வொரு வலிக்கும் ஒரு வரலாறு

பிறகு ஒவ்வொரு ஆபத்தாகக் குறைந்தது. 1846ல் ஈதர், 1847ல் குளோரோஃபார்ம் வந்து கத்தியின் வலியைப் போக்கின. 1867ல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். 20ம் நூற்றாண்டில் ஆண்டிபயாடிக், ரத்தம் ஏற்றுதல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் எல்லாம் வந்தன. 1988ல் ஹாரி ரீச் என்ற அமெரிக்க டாக்டர் லேப்ராஸ்கோப் மூலம், அதாவது சிறு துளைகள் வழியாகக் கர்ப்பப்பையை அகற்றிக் காட்டினார். இன்று இந்த ஆபரேஷனில் உயிர்போவது மிக அரிது.

ஆனாலும் சிக்கல்கள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் குழாய், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு நேர் கீழே, கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது. பாலத்துக்கு அடியில் ஓடும் வாய்க்கால் மாதிரி. அங்கே சிறு காயம் பட்டால்கூட, வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் தானாகக் கசிய ஆரம்பிக்கலாம். பல பெண்கள் இதை வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. சரிசெய்யக்கூடிய ஒன்று இது என்பதே பலருக்குத் தெரியாது.

சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் வேறு கதை. இயற்கையாக வருடக்கணக்கில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். குப்பென்று உடம்பு எரியும், வியர்க்கும், தூக்கம் போகும், நாளடைவில் எலும்பும் பலவீனமாகும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் 1929ல் பிரித்தெடுக்கப்படும் வரை இதன் காரணம் தெளிவாகத் தெரியாது. "நரம்புத் தளர்ச்சி", "மனப்பிரமை" என்று தள்ளிவிடுவார்கள். 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லே கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பெண்ணின் வலியை நம்பாத பழக்கம் மருத்துவத்தில் அவ்வளவு பழையது.

படுக்கையா? நடையா?

19ம் நூற்றாண்டில் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1899ல் சிகாகோவின் எமில் ரீஸ் என்ற டாக்டர், சீக்கிரம் எழுப்பி நடக்க விட்டால்தான் நல்லது என்று எழுதினார். பெரும்பாலானோர் காதில் வாங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் போதாமல் போனபோது நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பினார்கள். அவர்கள் நன்றாகவே தேறினார்கள்! 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் இதை ஒரு முறையாகவே வகுத்தார். வலியை நன்றாகக் கட்டுப்படுத்து, குழாய்களைச் சீக்கிரம் எடு, சீக்கிரம் சாப்பிடக் கொடு, சீக்கிரம் நடக்க வை. கால் நரம்பில் ரத்தம் உறைவதும், குடல் அசையாமல் வயிறு உப்புவதும் இதனால் குறையும்.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பம். நடப்பது வேறு, சுமப்பது வேறு. மெதுவாக நடப்பது மருந்து. ஒரு குடம் தண்ணீரைத் தூக்குவது ஆபத்து. ஒரு குடம் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே போட்ட தையல் ஆறிப் பலப்படும் முன் பாரம் தூக்கினால் ரத்தப்போக்கு வரலாம், தையல் விடலாம், பின்னாளில் குடலிறக்கமும் வரலாம். "டாக்டரே நடக்கச் சொல்லிட்டாரே" என்பது வீட்டில் உள்ளவர்கள் காதில் "வேலை செய்யலாம்" என்று விழுந்துவிடுகிறது.

பள்ளத்தாக்கில் ஆறு வாரம்

கம்பம் பள்ளத்தாக்கில் 1895ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்த பிறகு இரு போக நெல் விளைகிறது. திராட்சை, வாழை, தென்னை எல்லாம் உண்டு. இவற்றோடு மலைமேல் ஏலத்தோட்ட வேலை. கம்பம், கூடலூர், போடி பகுதிப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிறார்கள். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு குலுக்கல். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. குனிந்தோ குத்துக்கால் வைத்து உட்கார்ந்தோதான் பறிக்க வேண்டும். நாற்று நடவும் அப்படித்தான், நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு.

பிள்ளை பெற்றவளுக்கு நம் ஊரில் "பச்சை உடம்பு" என்று ஒரு பெயர் உண்டு. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல், தாய்வீட்டு ஓய்வு என்று ஒரு ஏற்பாடே இருக்கிறது. கர்ப்பப்பை எடுத்தவளுக்கு அந்தப் பெயரும் இல்லை, ஏற்பாடும் இல்லை. குழந்தை இல்லாததால் பார்க்க வருவோரும் குறைவு. உடம்பு மட்டும் அதே பச்சை உடம்புதான்.

1996ல் மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது. 2004ல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரியகுளத்திலும் கம்பத்திலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளின் ஆஸ்பத்திரிச் செலவைக் குறைத்தன. இதெல்லாம் பெரிய முன்னேற்றம். ஆனால் இந்தத் திட்டங்கள் ஆறு வாரக் கூலியைத் தருவதில்லை. ஆறு வாரம் என்றால் 42 நாள். கூடலூரிலிருந்து க.விலக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தையலைக் காட்டப் போனால் துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போச்சு. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத செலவு இது.

பீட் மாவட்டம் காட்டிய உண்மை

கூலி ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை என்ன செய்யும் என்பதை 2019ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் காட்டியது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பார். மாதவிடாய்த் தொல்லையால் வேலை கெடுகிறது என்று இளம் வயதிலேயே பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் தனியார் ஆஸ்பத்திரிகளில் 4,605 ஆபரேஷன்கள் என்று மாநில அமைச்சரே சட்ட மேலவையில் சொன்னார். அரசுக் குழு 82,309 பெண்களிடம் விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.3 சதவீதம்தான். ஆபரேஷன் ஆன பிறகும் முதுகுவலி, மூட்டுவலியோடு அதே கரும்புக் காட்டுக்குத்தான் போனார்கள்.

தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்கள் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேவையற்ற ஆபரேஷனைத் தடுக்க இது உதவும். தேவையான ஆபரேஷன் செய்துகொண்டவரின் ஓய்வுக்கு?

சட்டத்தில் ஒரு ஓட்டை

1961ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 1995ல் ஒரு திருத்தம் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. 2020ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அதைவிடப் பெரிய கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அங்கே இடமில்லை. ஆந்திர அரசு 2011ல் தன் பெண் ஊழியர்களுக்கு இதற்காக 45 நாள் சிறப்பு விடுப்பு தந்தது. கேரள அரசின் பெண் ஊழியர்களுக்கும் 45 நாள் உண்டு. ஆக, குமுளியில் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 45 நாள் ஓய்வு. அதே மலையில் குத்துக்கால் வைத்து ஏலக்காய் பறிக்கும் கம்பத்துப் பெண்ணுக்கு ஒரு நாளும் இல்லை. இரண்டு பேருக்கும் தையல் ஆற ஒரே அளவு நாள்தான் ஆகும்!

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை உண்டு. ஆறு வாரம் குடத்தையும் மாவாட்டும் வேலையையும் வேறு யாராவது பார்க்கலாம். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும். எழும்போது ஒருக்களித்துத் திரும்பிக் கையூன்றி எழ வேண்டும். தண்ணீர், கீரை, பழம் நிறையச் சாப்பிட்டு மலச்சிக்கல் வராமல் பார்க்க வேண்டும். காய்ச்சல், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், சிறுநீர்க் கசிவு, நாளாக ஆகக் கூடும் வலி... இவற்றில் எது வந்தாலும் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் 108.

1844ல் மான்செஸ்டரில் இறந்த அந்தப் பெண்ணின் பெயர் பெரும்பாலான புத்தகங்களில் இல்லை. கிளேயின் பெயர் இருக்கிறது. இரண்டு வாரம் வலியைத் தாங்கி வாழ்வுக்குப் பக்கத்தில் வந்தவர் அந்தப் பெண். அவரைக் கீழே விழாமல் பிடிக்க ஆள் இருந்திருந்தால் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.