ஆறு நாள்களின் பொருள்: ஆதியாகமப் படைப்புப் பகுதிகளின் வாசிப்பு வரலாறு

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் உலகப் படைப்பை இருமுறை சொல்கிறது. முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாள் செடிகொடிகளும், நான்காம் நாள் கதிரவனும் நிலவும், ஆறாம் நாள் நிலவிலங்குகளும் கடைசியாக ஆணும் பெண்ணுமாக மனிதரும் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்தில் வரிசை மாறுகிறது: முதலில் மண்ணிலிருந்து மனிதன், பிறகு தோட்டம், விலங்குகள், இறுதியில் பெண். இவற்றை நடந்தது நடந்தபடி சொன்ன செய்தியாகக் கொள்வதா, உருவகமாகக் கொள்வதா? நேர்ப்பொருளே தொன்மையானது, உருவகப்பொருள் டார்வினுக்குப் பின் வந்த சமாளிப்பு என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. வரலாறு அப்படி இல்லை. ஒவ்வொரு காலத்து வாசகரும் யாரோடு வாதாடினாரோ அதற்கேற்பவே ஆறு நாள்களை விளக்கினார் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தொடக்க நூற்றாண்டுகள்

கிரேக்கத் தத்துவம் செழித்த அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஆறு நாள்களைக் கால அளவாகக் கொள்ளவில்லை. படைத்தவனுக்குக் காலம் தேவையில்லை. ஆறு என்பது ஒழுங்கைக் குறிக்கும் நிறைவெண் என்றார். மூன்றாம் நூற்றாண்டில் அதே நகரத்தின் ஒரிஜென், கதிரவனே இல்லாத முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன என்று கேட்டார்.

எதிர்க்குரலும் அன்றே எழுந்தது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், ஆறு நாள் படைப்பைப் பற்றிய தம் மறையுரைகளில், புல் என்றால் தமக்குப் புல்தான் என்று உருவக விளக்கங்களை ஒதுக்கினார்.

இரு போக்குகளையும் ஒருவரிடமே காண வேண்டுமானால் அகுஸ்தினாரிடம் வரவேண்டும். பழைய ஏற்பாட்டை எள்ளி நகையாடிய மனிக்கேயர்களுக்கு மறுப்பாக 388 அளவில் அவர் எழுதிய நூல் உருவக விளக்கத்தைப் பெரிதும் நாடியது. பின்னர் 401 முதல் 415 வரை எழுதிய பெருநூலில் நேர்ப்பொருளையே தேடினார். ஆயினும் அவர் கண்ட முடிவு 24 மணி நேர நாள்கள் அல்ல. அனைத்தும் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, ஆறு நாள் என்பது அறிவுக்குப் புலப்படும் வரிசை என்பதே. விண்ணும் மண்ணும் பற்றிக் கற்றறிந்த பிறர் முன்னே கிறிஸ்தவர் வேதத்தின் பெயரால் பிதற்றினால் வேதமே நகைப்புக்கிடமாகும் என்றும் அந்நூலில் எச்சரித்தார்.

சீர்திருத்தமும் காலக்கணக்கும்

பதினாறாம் நூற்றாண்டில் எதிராளி மாறினார். இடைக்காலத் திருச்சபையின் உருவக விளக்கங்களை ஐயுற்ற மார்ட்டின் லூத்தர், 1535இல் தொடங்கிய விரிவுரைகளில் அகுஸ்தினாரை மறுத்து, நாள் என்றால் இயல்பான நாளே என்றார். ஜான் கால்வினும் ஆறு நாள்களை ஏற்றார். ஆனால் சனிக்கோள் நிலவைவிடப் பெரியது என்ற வானியலாரின் கூற்றை அவர் மறுக்கவில்லை. மோசே பாமரர் கண்ணுக்குத் தெரிவதையே எழுதினார் என்று 1554இல் வெளிவந்த உரையில் விளக்கினார்.

அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் படைப்பின் ஆண்டை கி.மு. 4004 என்று கணித்தார். 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் பக்க ஓரத்தில் அவரது ஆண்டுகள் அச்சாயின. ஒரு தனி அறிஞரின் கணக்கு, வாசகர் பலருக்கு வேதத்தின் கூற்றாகவே தோன்றியது.

பிரதி ஆய்வும் நிலவியலும்

பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்ட்ரூக் 1753இல், கடவுளைக் குறிக்கும் ஏலோகிம், யாவே என்னும் பெயர்களைக் கொண்டு ஆதியாகமத்தைத் தனித்தனிப் பத்திகளாகப் பிரித்து அடுக்கினார். மோசே பழைய ஏடுகளைத் தொகுத்தார் என்று நிறுவுவதே அவர் நோக்கம். ஆனால் இரு படைப்புப் பகுதிகளும் இரு மரபினருடையவை என்ற பிற்கால முடிவுக்கு அதுவே வழிதிறந்தது. 1876இல் ஜார்ஜ் ஸ்மித் வெளியிட்ட பாபிலோனியப் படைப்புக் கதைகள் ஒப்பீட்டுக்கு இடம் தந்தன.

நிலவியலின் நீண்ட காலமும் பெரும்பாலான கற்றறிந்த கிறிஸ்தவர்களைக் குலைத்துவிடவில்லை. முதல் வசனத்துக்குப் பின் நெடிய இடைவெளி உண்டு என்றார் தாமஸ் சால்மர்ஸ். ஒவ்வொரு நாளும் ஓர் ஊழி என்றார் ஹியூ மில்லர்.

இருபதாம் நூற்றாண்டின் திருப்பம்

1925 ஜூலையில் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீதான வழக்கில் வேதத்தின் சார்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, நாள்கள் 24 மணி நேரமாக இருக்கவேண்டியதில்லை என்றே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழையது என்னும் இளம்பூமிக் கொள்கை அப்போது சிறுபான்மையினருடையது. ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் காக்கும் அட்வென்டிஸ்டு சபையினருக்கு முதல் வாரம் மெய்யான வாரமாக இருந்தாக வேண்டும். அச்சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மக்ரெடி பிரைஸ், பாறையடுக்குகளுக்கெல்லாம் நோவா காலத்து வெள்ளமே காரணம் என்று 1923இல் எழுதினார். 1961இல் விட்கம், மோரிஸ் இருவரும் எழுதிய நூல் அக்கருத்தைப் பிற சீர்திருத்தச் சபைகளுக்குள் கொண்டுசேர்த்தது. கத்தோலிக்கத் திருச்சபையோ, மனித உடலின் தோற்றம் குறித்துப் பரிணாம நோக்கில் ஆராய 1950இல் இடமளித்தது.

முடிவு

ஆறு இயல்பான நாள்கள் என்ற வாசிப்பு புதியதன்று. பசிலியாரிலும் லூத்தரிலும் அது உண்டு. அதை நிலவியலுக்கு எதிரான அறிவியலாகவும் விசுவாசத்தின் உரைகல்லாகவும் நிறுத்தியதுதான் புதியது. உருவக வாசிப்பும் அறிவியலுக்கு அஞ்சிப் பிறந்ததன்று. கதிரவன் இல்லாத மாலையைப் பிரதிக்குள்ளேயே கண்டவர்கள் கேட்ட கேள்வியில் அது பிறந்தது. எனவே இரண்டில் எது மரபு என்று வழக்காடுவதைவிட, எந்த எதிராளியை நோக்கி எந்த வாசிப்பு எழுந்தது என்று பார்ப்பதே ஆய்வாளருக்குப் பயன் தரும்.