1960ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி விவாதமும் வாக்காளர் தீர்ப்பும்

1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 26ஆம் நாள் இரவு, சிக்காகோ நகரின் தொலைக்காட்சி நிலையமொன்றிலே அமெரிக்க சனாதிபதிப் பதவியை நாடி நின்ற இருவர் ஒரே மேடையில் தோன்றி விவாதித்தனர். ஒருவர் ஏறத்தாழ எட்டாண்டுகள் உப சனாதிபதியாக இருந்த குடியரசுக் கட்சியினரான றிச்சட் நிக்சன். மற்றவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் செனற் சபை உறுப்பினரும் சனநாயகக் கட்சியினருமான ஜோன் கென்னடி. ஏறக்குறைய 7 கோடி மக்கள் அதனைப் பார்த்தனர். அதன்பின் ஒக்ரோபர் மாதத்தில் மேலும் மூன்று விவாதங்கள் நடைபெற்றன. எனினும் வரலாற்றில் நின்று நிலைத்தது முதலாவது விவாதமே.

அவ்விரவைப் பற்றி நூல்களிலும் பத்திரிகைகளிலும் மீண்டும் மீண்டும் கூறப்படும் செய்தி ஒன்றுண்டு. வானொலியிற் கேட்டவர்கள் நிக்சனே வென்றார் என்றனர். தொலைக்காட்சியிற் பார்த்தவர்கள் கென்னடியே வென்றார் என்றனர். ஆகவே தொலைக்காட்சியே கென்னடியைச் சனாதிபதியாக்கியது என்பதே அது. இக்கூற்றுக்கு ஆதாரம் யாது, அது எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். விவாதமொன்றை மதிப்பிடும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. வேட்பாளருள் யார் திறம்பட வாதித்தார்? யார் வென்றதாக மக்கள் கருதினர்? அக்கருத்தினால் எத்தனை பேர் தம் வாக்கை மாற்றினர்? இவை மூன்றும் வெவ்வேறானவை. முதலாவதன் விடையைக் கொண்டு மூன்றாவதற்கு விடையளிப்பதே இத்துறையில் நிகழும் பெருந்தவறு எனலாம்.

நிக்சனின் தோற்றம் அன்று சிறப்பாக அமையவில்லை என்பதில் ஐயமில்லை. முழங்காலில் ஏற்பட்ட தொற்று நோயினால் இரு வாரமளவில் வைத்தியசாலையில் இருந்து மீண்ட அவர் உடல் மெலிந்து காணப்பட்டார். அவரது வெளிர் நிற உடை பின்னணியோடு கலந்து மங்கியது. முகத்தில் வியர்வை தெரிந்தது. கென்னடியோ கருநிற உடையில் தெளிவாகத் தோன்றினார். வயதிலும் அனுபவத்திலும் குறைந்தவர் என்ற குற்றச்சாட்டை எதிர்நோக்கியிருந்த அவருக்கு, உப சனாதிபதிக்கு நிகராக நின்று விடையளித்தமையே ஒரு பேறாயிற்று.

ஆயினும் வானொலி நேயரையும் தொலைக்காட்சி நேயரையும் பற்றிய கூற்று பெரும்பாலும் ஒரேயொரு கருத்துக்கணிப்பையே ஆதாரமாகக் கொண்டது. சின்ட்லிங்கர் என்னும் நிறுவனம் நடத்திய அக்கணிப்பில் வானொலி கேட்டோர் 282 பேர் மட்டுமே. இவர்கள் எத்தகையோர்? தொலைக்காட்சிப் பெட்டி பெரும்பாலான வீடுகளை எட்டிவிட்ட அக்காலத்தில் வானொலியை மட்டும் நம்பியிருந்தோருள் கிராமப்புறத்தவரும், கத்தோலிக்கரான கென்னடியை ஐயத்தோடு நோக்கிய புரட்டஸ்தாந்தரும் கூடுதலாக இருந்திருக்கலாம். அவ்வாறாயின் அவர்கள் விவாதத்தைக் கேட்கும் முன்னரே நிக்சன்பால் சாய்ந்திருந்தவராவர். வான்சில், பெண்டெல் ஆகிய ஆய்வாளர் இருவர் 1987ஆம் ஆண்டிலே இக்குறைபாடுகளை எடுத்துக்காட்டினர்.

மறுபுறத்தில், ஜேம்ஸ் ட்றக்மன் என்னும் அரசறிவியலாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஒன்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். அதே விவாதத்தைச் சிலர் பார்க்கவும் சிலர் கேட்கவும் செய்தபோது, பார்த்தவர்களே கென்னடிக்கு ஒப்பீட்டளவிற் கூடுதலான ஆதரவு காட்டினர். காட்சி மதிப்பீட்டை மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆனால் மாற்றவல்லது என்பது வேறு. 1960இல் மாற்றிற்று என்பது வேறு. கட்சிப் பற்றும் சமயப் பற்றும் கொண்டு வாக்களிக்கச் சென்ற அக்கால மக்களின் நிலையும், நாற்பதாண்டுகளின் பின் பரிசோதனையிற் பங்குபற்றியோர் நிலையும் ஒன்றல்ல.

இனி வாக்குகளை நோக்குவோம். கல்லப் கணிப்பின்படி விவாதத்துக்கு முன்னர் நிக்சனுக்கு 47 சதவீதமும் கென்னடிக்கு 46 சதவீதமும் ஆதரவு இருந்தது. விவாதத்தின் பின்னர் கென்னடி 49 சதவீதமும் நிக்சன் 46 சதவீதமும் பெற்றனர். இத்தகைய சிறு மாற்றங்கள் கணிப்பின் வழு எல்லைக்குள்ளேயே அடங்கக்கூடியவை. நவெம்பரில் அளிக்கப்பட்ட ஏறத்தாழ 6 கோடி 88 இலட்சம் வாக்குகளிலே இருவருக்குமிடையிலான வேறுபாடு ஏறக்குறைய 1,12,000 மட்டுமே. இவ்வளவு குறுகிய வேறுபாட்டில் எக்காரணமும் தானே வெற்றியைத் தீர்மானித்ததாக உரிமை கோரலாம். சமயப் பிரச்சினையும் அவ்வாறானதே. ஒக்ரோபரில் மார்ட்டின் லூதர் கிங் சிறைப்பட்டபோது அவர் மனைவியுடன் கென்னடி தொலைபேசியிற் பேசியமையும், அதனால் கறுப்பின மக்களிடையே ஏற்பட்ட ஆதரவும் அவ்வாறானவையே. இல்லினோய் மாநிலத்திலே கென்னடி பெற்ற மேலதிக வாக்குகள் 9,000க்கும் குறைவு. ஒரு துளி கூடினும் நிரம்பிவழியும் குடத்தில் இறுதித் துளி எது என்று யாரால் அறுதியிட்டுக் கூற இயலும்?

அங்ஙனமாயின் விவாதம் பயனற்றதா? அன்று. அதன் திட்டவட்டமான விளைவு வேறிடத்தில் உள்ளது. தொலைக்காட்சியே போக்கை மாற்றியதாகக் கென்னடி கருதினார். தோற்றத்திற் போதிய கவனம் செலுத்தாமையைத் தம் தவறாக நிக்சன் 1962இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார். வென்றவரும் தோற்றவரும் ஒன்றையே கூறியபோது அது உண்மையாகவே கொள்ளப்பட்டது. இந்நம்பிக்கையின் விளைவோ வெளிப்படையானது: 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும் விவாதம் நடைபெறவில்லை. வேட்பாளர் அனைவருக்கும் சம நேரம் வழங்க வேண்டும் என்ற ஒலிபரப்புச் சட்டவிதியும் இதற்குத் தடையாயிற்று. எனினும் 1960இல் அவ்விதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த காங்கிரஸ் பின்னரும் அவ்வாறு செய்திருக்கலாம். முன்னணியில் நின்ற வேட்பாளர் அதனை விரும்பவில்லை. 1968இலும் 1972இலும் விவாதத்தைத் தவிர்த்தவர் அதே நிக்சனே. பதினாறு ஆண்டுகளின் பின்னர், 1976இலேயே விவாதம் மீண்டது.

அவ்வாண்டு ஒக்ரோபர் 6ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ விவாதத்திலே, கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சனாதிபதி ஜெரால்ட் போர்ட் கூறினார். விவாதம் முடிந்த உடனே விசாரிக்கப்பட்டோருள் மிகச் சிலரே அதனைத் தவறாகக் குறிப்பிட்டனர். போர்ட் நன்றாகவே வாதித்தார் என்றவர்களும் குறைவல்லர். மறுநாள் முழுவதும் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அக்கூற்றையே எடுத்துரைத்த பின்னர் விசாரிக்கப்பட்டோர், கார்ட்டரே வென்றார் எனப் பெரும்பான்மையாகக் கூறினர். மேடையில் நிகழ்ந்தது மாறவில்லை. அதன் பொருளே மாறியது. ஆகவே விவாதத்தின் தீர்ப்பு மேடையில் மட்டுமன்றி, அடுத்துவரும் நாட்களிலும் எழுதப்படுகின்றது.

அண்மைக்கால நிகழ்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. 2024ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள் அற்லான்ரா விவாதத்தில் ஜோ பைடன் தடுமாறினார். கருத்துக்கணிப்புகளில் ஏற்பட்ட சரிவு சில புள்ளிகளே. ஆயினும் அவர் வெல்லமாட்டார் என்ற எண்ணம் அவரது கட்சித் தலைவர்களிடையே வேரூன்றியது. யூலை 21ஆம் நாள் அவர் போட்டியிலிருந்து விலகினார். செப்ரெம்பர் 10ஆம் நாள் பிலடெல்பியாவில் கமலா ஹரிஸ் டொனால்ட் ட்றம்பை விடச் சிறப்பாக வாதித்தார் எனப் பார்த்தவர்களிற் பெரும்பான்மையோர் கூறினர். நவெம்பரில் வென்றவர் ட்றம்ப். ஒரு விவாதம் வாக்குகளைப் பெரிதும் அசைக்காமலே வேட்பாளரை மாற்றிற்று. மற்றொன்றில் வென்றவர் தேர்தலில் தோற்றார்.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், விவாதம் வாக்காளரை நேராக மாற்றுவதிலும், அரசியல்வாதிகளும் பத்திரிகையாளரும் கொள்ளும் நம்பிக்கையை மாற்றுவதிலேயே கூடிய வலிமை காட்டுகின்றது என்பதாம். அந்நம்பிக்கை சான்றிலிருந்து பிறந்ததா, பலமுறை கூறப்பட்டதனாற் பிறந்ததா என்று வினவுவது வரலாற்று மாணவரின் கடனாகும். அவ்வினா எழுப்பப்படாத இடத்தில், 282 பேரின் விடை ஒரு நாட்டின் தீர்ப்பாகிவிடும்.