கோல்கை கண்ட வலை

உயிரணுவினுள் 'கோல்கை உறுப்பு' என்ற ஒன்றைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதைக் கண்டறிந்த இத்தாலியப் பேராசிரியர் காமில்லோ கோல்கை, அதே 1898-ஆம் ஆண்டில் மற்றொன்றையும் பவியா நகரிலிருந்து எழுதி வெளியிட்டார். சில நரம்பணுக்களைச் சுற்றி, வலை போர்த்தாற்போல் ஒரு மெல்லிய பின்னல் காணப்படுகிறது என்பதே அது.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹால் இதை ஏற்கவில்லை. அணுக்களுக்கு இடையேயுள்ள திரவம் மருந்து பட்டு உறைந்ததால் விளைந்த பொய்த்தோற்றம் என்றார். 1906-இல் இருவருக்கும் நோபெல் பரிசு சேர்த்தே கிடைத்தது. அங்கும் அவர்கள் இணங்கவில்லை. நரம்பணுக்கள் தனித்தனியானவையா, ஒரே தொடர்ச்சியா என்ற பெருவழக்கில் வென்றவர் காஹால். தோற்றவர் கண்ட சிறிய உண்மையும் அதனோடு ஒதுங்கிப்போயிற்று. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இந்த வலைக்கும், முதுகெலும்பு முறிந்து கால் வழங்காமல் படுத்திருப்பவனுக்கும் என்ன தொடர்பு?

கையில் நரம்பு அறுந்தால் மெல்ல மெல்ல வளர்கிறது. தண்டுவடத்தில் அறுந்த இழையோ வளர்வதில்லை. வளரும் வலு அவ்விழைக்கே இல்லை எனப் பலரும் எண்ணினர். 1981-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் டேவிட், அகுவாயோ என்ற இருவர், எலியின் கால் நரம்புத் துண்டொன்றைத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தனர். வளராதெனக் கருதிய இழைகள் அதனுள் சுமார் 30 மில்லிமீட்டர் வளர்ந்தன. குற்றம் இழையில் மட்டுமன்று, அது செல்லும் நிலத்திலும் உண்டென்பது தெளிவாயிற்று.

அந்நிலத்தில் நம் குருத்தெலும்பிலுள்ள காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்னும் பொருள் இருக்கிறது. காயத்தின் வடுவில் அது திரண்டு வழியை அடைக்கிறது. கோல்கை கண்ட வலையிலும் அதுவே முக்கியமான பொருள். இளமையில் நெகிழ்ந்திருந்த நரம்பு இணைப்புகளை அவ்வலை பின்னர் உறுதிப்படுத்துகிறது.

2002-இல் இங்கிலாந்தில் எலிசபெத் பிராட்பரி குழுவினர், பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஒரு நொதியைத் தண்டுவடம் காயமுற்ற எலிகளுக்குச் செலுத்தினர். அது காண்ட்ராய்ட்டின் சங்கிலிகளை அறுத்தது. எலிகள் குறுகிய சட்டத்தின்மேல் முன்னிலும் செம்மையாக நடந்தன.

அவை எலிகள் என்பதை மறத்தலாகாது. அந்நொதி உடற்சூட்டில் விரைவில் வலுவிழக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வில், நாட்பட்ட காயமுடைய வளர்ப்பு நாய்களிடம் அது தந்த முன்னேற்றம் சிறிதே. ஆயினும் சில நாய்கள் துணையின்றி எழுந்து நடந்தன.