டிஸ்ப்ளே வரலைங்க

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் முதல் தடவையே எழுந்து நிற்காமல் போவது எங்கள் தொழிலில் அன்றாடம். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். 1990களின் கடைசியில் எடப்பாடியில் சர்வீஸ் மேசை போட்ட காலத்திலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு, “அண்ணா, டிஸ்ப்ளே வரலைங்க” என்பதுதான். அதற்கான காரணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. அந்தக் காரணங்களை வரிசைப்படுத்தினாலே அசெம்பிள் தொழிலின் வரலாறு கிடைத்துவிடும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளிச்சந்தைப் பாகங்களைக் கொண்டே செய்தது. அதன் சுற்று வரைபடங்களையும் வெளியிட்டது. மற்றவர்களும் அதே அமைப்பில் பாகங்கள் செய்யத் தொடங்கினார்கள். 1991க்குப் பிறகு இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1997இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்த பின் சுங்க வரியும் படிப்படியாக இறங்கியது. ரேடியோ பாகங்கள் விற்றுவந்த சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டும் ரேமும் குவிந்தன. அங்கிருந்து சேலம் வந்து, சேலத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கும் வந்தன. கணக்கு பார்க்க ஜவுளிக்காரர், கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்காரர், புடவைக்குப் பூ வரைய ஜக்கார்டு டிசைன்காரர் என்று வாங்க ஆள் இருந்தது.

அந்த நாளைய ஏடி பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு கனெக்டர்கள் வரும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். இடம் மாறினால் போர்டு எரிந்துபோகும். “கறுப்போடு கறுப்பு” என்பதே முதல் பாடம். அடுத்தது டிரைவின் பின்புறம் உள்ள சிறு செருகியான ஜம்பர். ஹார்டு டிஸ்க்கும் சிடி டிரைவும் ஒரே கேபிளில் இருந்தால் ஒன்றை மாஸ்டர், இன்னொன்றை ஸ்லேவ் என்று பிரிக்க வேண்டும். பிளாப்பி கேபிளைத் திருப்பிச் செருகினால் டிரைவ் விளக்கு அணையாமல் எரியும். அதைப் பார்த்த உடனே கோளாறு தெரிந்துவிடும்.

1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில் பவர் கனெக்டர் தலைகீழாக ஏறாது. ஒரு தொல்லை ஒழிந்தது. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்றே 4 பின் 12 வோல்ட் கனெக்டர் தனியாக வந்தது. பெரிய கனெக்டரைச் செருகிவிட்டு இந்தச் சின்னதை மறந்தால் ஃபேன் சுற்றும், வேறெதுவும் நடக்காது. 2004இல் இன்டெல் பிராசசர்களில் பின்கள் சாக்கெட்டுக்கு இடம் மாறின. ஒரு பின் வளைந்தாலும் போர்டு பேசாமல் போகலாம்.

திரை இருண்டிருக்கும்போது காதுதான் கருவி. கரண்ட் ஏறியதும் போர்டு, பயாஸ் என்ற தன் தொடக்க நிரலால் தன்னைத்தானே சோதித்து, கோளாறை ஒலியால் சொல்லும். அவார்டு பயாஸ் ஒரு நீள ஒலியும் இரண்டு குட்டை ஒலியும் கொடுத்தால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. நீள ஒலி திரும்பத் திரும்ப வந்தால் ரேம். ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பூச்சுப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் போட்டாலே பல பெட்டிகள் எழுந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைப்போம். பிராசசர், ஃபேன், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை, மானிட்டர், போர்டிலேயே டிஸ்ப்ளே இல்லாவிட்டால் டிஸ்ப்ளே கார்டு. வேறு எதுவும் கூடாது. வெளியே ஓடி, உள்ளே ஓடவில்லை என்றால் கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் முடுக்கிய பித்தளைத் திருகு போர்டின் அடியில் ஷார்ட் ஆகிறது என்று பெரும்பாலும் பொருள். ஓடிய பின் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து வந்தால், எதைச் சேர்த்தபோது நின்றதோ அதுதான் குற்றவாளி. புடவையில் பூ பிசகினால் எந்த அட்டை, எந்த நூல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரும் எங்கள் ஊர்த் தறிக்காரருக்கு இந்த ஒழுங்கைச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீட்டிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது பெரிய நன்மை. அசெம்பிள் வேலை அதன் பின் குறைந்தது. இப்போது கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் இளைஞர்கள் மறுபடி பாகம் வாங்குகிறார்கள். கோளாறும் புதிதாகிவிட்டது. டிடிஆர்5 ரேம் போட்ட பெட்டி முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை இருட்டுதான். பிராசசர் புதிது, போர்டின் பயாஸ் பழையது என்றாலும் டிஸ்ப்ளே வராது.

காரணங்கள் மாறின, கண்டுபிடிக்கும் வழி மாறவில்லை. ஆகவே புதிதாகப் பூட்டும் தம்பி தங்கைகளே, முதலில் பொறுத்திருங்கள். பிறகு கேபிளைப் பாருங்கள், ரேமை மறுபடி போடுங்கள், எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சேருங்கள். பாகம் கெட்டுவிட்டது என்ற முடிவு கடைசியில்தான் வர வேண்டும்.