வாச்சாத்தியும் என் டைப்ரைட்டரும்

ராயகிரியில் சாயங்காலம் மேற்கே மலையைப் பார்த்து உட்காரும்போது எனக்கு இன்னொரு மலையடிவார ஊர் நினைவுக்கு வரும். தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. நான் அங்கே போனதில்லை. ஆனாலும் அந்த ஊர் என்னை விடுவதாக இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு அடிபட்டவர்கள் மேலேயே வழக்குப் போட்டு, குழந்தைகளோடு சிறைக்கு அனுப்பினார்கள்.

வந்தவர்கள் எல்லாம் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள். அத்தனை பேரும் பிறவிக் கொடியவர்களா?

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரெஞ்சுப் படங்களைத் தேடிப் பார்ப்பேன். 1979-இல் வந்த 'இ கொம் இகார்' என்ற படத்தில் ஒரு சோதனையைக் காட்டுவார்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் அறிஞர் 1961-இல் உண்மையாகவே தொடங்கிய சோதனை அது. ஒருவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் அளவைக் கூட்ட வேண்டும். உண்மையில் மின்சாரம் கிடையாது, அலறுவது நடிப்பு. சுவிட்சைத் தட்டுபவருக்கு மட்டும் அது தெரியாது. மேற்பார்வையாளர் 'தொடருங்கள்' என்று சொன்னதற்காக 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள்.

என்னைத் தூங்கவிடாத கணக்கு வேறு. சுவிட்சை இன்னொருவர் தட்ட, இவர் பக்கத்து வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்றபோது, 40-க்கு 37 பேர் கடைசிவரை கூட இருந்தார்கள்.

அந்த 37 பேரில் நானும் ஒருவன். பல வருஷங்களுக்கு முன், புறம்போக்குக் குடிசைகளை அகற்றிய பிறகு ஓர் அறிக்கை டைப் அடிக்கச் சொன்னார்கள். 'குடிசைகளில் யாரும் குடியிருக்கவில்லை' என்று ஒரு வரி. அன்று காலை அந்த வழியாகத்தான் ஆபீசுக்கு வந்தேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆனாலும் அடித்துக் கொடுத்தேன். கையெழுத்து அதிகாரியுடையது, நமக்கென்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வாச்சாத்தியிலும் காகிதம் முதலில் பொய்தான் சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கம் அதை வெளியே கொண்டுவந்தது. மார்க்சிஸ்ட் தலைவர் நல்லசிவன் நீதிமன்றம் போனார். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து, நடந்ததை நடந்தபடி எழுதினார். அவரும் அரசு ஊழியர்தான். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அதில் வருவாய்த்துறையினர் 5 பேர். 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

மில்கிராமின் கணக்கில் இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் இருந்த இருவர் 'மாட்டோம்' என்று எழுந்துகொண்டபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள்.

அன்று அந்த அறிக்கையைப் பக்கத்து மேஜைக்காரரும் படித்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் குனிந்துகொண்டோம்.

என் பேரன் இந்த வருஷம் குரூப் 4 எழுதுகிறான். அந்த உலை கொதித்த கதையை அவனிடம் சொல்லிவிட்டேன்.