சொனாட்டா: ஒரு சொல்லும் இரண்டு குழல்களும்

'சொனாரே' என்னும் இத்தாலிய வினைச்சொல்லுக்கு ஒலித்தல், கருவியை இசைத்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'சொனாட்டா' கருவியில் வாசிக்கப்படுவதைக் குறித்தது. பாடப்படுவதற்குக் 'கந்தாட்டா' என்று பெயர். தொடக்கத்தில் சொனாட்டா என்ற சொல்லுக்கு இதற்கு மேல் பொருள் இல்லை. எத்தனை பகுதிகள், எத்தனை கருவிகள் என்ற கட்டுப்பாடு எதையும் அது சுமக்கவில்லை. வெனிஸ் நகரின் ஜோவன்னி கப்ரியேலி 1597இல் வெளியிட்ட 'சொனாட்டா பியான் எ ஃபோர்த்தே' இரண்டு குழுக்களாகப் பிரிந்து நிற்கும் எட்டுக் கருவிகளுக்கானது.

17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் இரண்டாகக் கிளைத்தது. தேவாலயத்தில் வாசிப்பது 'சொனாட்டா த கியேசா'. மாளிகை அறையில் வாசிப்பது 'சொனாட்டா த காமெரா'. காமெரா என்றால் அறை. இசையமைப்பாளர் கொரெல்லியின் முதல் தொகுப்பு (1681) தேவாலய வகை. இரண்டாம் தொகுப்பு (1685) நடன இசைகளைக் கொண்ட அறை வகை. இரண்டுமே 'ட்ரையோ சொனாட்டா' எனப்படுபவை. ட்ரையோ என்றால் மூன்று. ஆனால் மேடையில் பெரும்பாலும் நால்வர் இருப்பார்கள். எழுதப்பட்டிருப்பது மேல் குரல்கள் (அதாவது தனித்தனி இசை வரிகள்) இரண்டு, கீழ்க்குரல் ஒன்று. அந்தக் கீழ்க்குரலைச் செல்லோ போன்ற ஒரு கருவி வாசிக்க, ஹார்ப்சிகார்ட் என்னும் விசைப்பலகைக் கருவியை வாசிப்பவர் சுரங்களுக்கு மேலுள்ள எண்களைப் பார்த்து மேலடுக்கை அங்கேயே நிரப்பிக்கொள்வார். ஆக, பெயர் எண்ணுவது ஆட்களை அல்ல, குரல்களை.

மேல் குரல்களுக்கு வயலின் இரண்டு என்பதே வழக்கம். அங்கே குழல் நுழைந்தபோது இன்னொரு பெயர்ச்சிக்கல் எழுந்தது. அக்காலத்தில் வெறுமனே 'ஃப்ளவுட்டோ' என்றால் நெடுக்காகப் பிடித்து ஊதும் ரெக்கார்டர். குறுக்காகப் பிடிப்பது 'ஃப்ளவுட்டோ ட்ராவெர்ஸோ'. மரத்தாலான இக்குழலில் விரல் துளைகள் ஆறு. சாவி ஒன்றே ஒன்று. உலோகக் குழலின் கூர்மை இதில் இல்லை. இரண்டு சேர்ந்து ஒலித்தால் எது எவருடையது என்று பிரித்தறிவது கடினம். இணைக்குழல் சொனாட்டாவின் அழகே அந்தக் கலப்புதான்.

இவ்வகையின் உச்சம் ஜே.எஸ். பாக்கின் ஜி மேஜர் சொனாட்டா (பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1039). மெதுவும் விரைவும் மாறிமாறி வரும் நான்கு பகுதிகள். தேவாலய வகையின் அமைப்பு அப்படியே. இரு குழல்களும் சமம்; ஒன்று தொடங்கிய கருவை மற்றது ஏற்று வளர்க்கிறது. இதே இசை வயோலா த காம்பா என்னும் நரம்புக் கருவிக்கும் ஹார்ப்சிகார்டுக்குமாகவும் (பி.டபிள்யூ.வி. 1027) கிடைக்கிறது. அதில் மூன்று குரல்களுக்கு இரண்டே பேர்: ஒரு குரல் காம்பாவுக்கு, மற்ற இரண்டும் ஹார்ப்சிகார்டின் இரு கைகளுக்கு. ட்ரையோ என்ற பெயருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

இசையமைப்பாளர் டெலமன் 1727இல் ஹாம்பர்க்கில் வெளியிட்ட ஆறு சொனாட்டாக்களிலோ கீழ்க்குரலே கிடையாது. இரண்டு குறுக்குக் குழல்கள், அல்லது இரண்டு வயலின்கள், அல்லது இரண்டு ரெக்கார்டர்கள் என்று தலைப்பிலேயே வாசிப்பவருக்குத் தேர்வு தரப்பட்டிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொனாட்டா என்ற சொல் தனிப் பியானோவுக்கும், பியானோவுடன் இன்னொரு கருவி சேரும் இசைக்கும் உரியதாகச் சுருங்கியது. ட்ரையோ சொனாட்டா வழக்கிழந்தது. ஆனால் டெலமனின் அந்த ஆறும் இன்றும் குழல் மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து வாசிப்பவையாக இருக்கின்றன.