உரைநடைத் தெளிவும் ஆறுமுக நாவலரும்

தமிழில் உரைநடை மேனாட்டார் வருகைக்குப் பின்னரே தோன்றிற்று என்பது பிழைபட்ட கொள்கையாகும். தொல்காப்பியர் செய்யுளியலில் உரைவகை நான்கனைச் சுட்டுகின்றார். நூலுக்குரிய பத்து அழகினை வகுத்த நன்னூலார், சுருங்கச் சொல்லலை முதற்கண்ணும் விளங்க வைத்தலை அதன் பின்னும் நிறுத்தினார். இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிது. சுருக்கம் மிக்கவழி விளக்கம் குன்றும் என்பதற்கு நம் உரைகளே சான்று.

உரையாசிரியர் தெளிவு அறியாதார் அல்லர். இறையனார் களவியலுரை வினாவும் விடையுமாய் நடப்பது. சேனாவரையர் மாற்றார் கூறும் தடையைத் தாமே எழுப்பித் தாமே விடுப்பர். எனினும் அவ்வுரைகள் ஆசிரியன்பால் இருந்து பாடங்கேட்கும் மாணாக்கனை நோக்கியே எழுந்தன. எழுத்திற் குறைந்ததை ஆசிரியன் வாய்மொழி நிரப்பிற்று. ஏட்டிலோ சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் புள்ளி பெறா. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடா. பொருளை முன்னரே அறிந்தவனுக்கன்றி ஏடு எளிதில் வாய் திறவாது.

கி.பி. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலாகப் பாதிரிமார் நூல்கள் ஆசிரியன் துணையின்றிப் படிப்பாரை நாடின. வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் நிலைநிறுத்தியது சிறு தொண்டன்று.

நல்லூரில் 1822இல் தோன்றிய நாவலர், பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். ஒரு பொருளைப் பலரும் விளங்குமாறு எழுதும் முயற்சியின் இடர்ப்பாடுகளை அப்பணியில் அவர் நேரிற் கண்டிருத்தல் வேண்டும். 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சுப்பொறி கொணர்ந்தார். இம்மூன்றனுள் பிரசங்கமே அவர் நடைக்கு வித்து என்பது எம் கருத்து. ஏடு படிப்பவன் ஐயுற்றவிடத்து மீளப் படிக்கலாம். கேட்பவனுக்கு அது கூடாது. எழுவாய் எது, பயனிலை எது என்பது செவியில் விழும்போதே விளங்குதல் வேண்டும். நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய பெரியபுராணத்தை அவர் 1852இல் வசனமாக வெளியிட்டார். அதனை உரக்கப் படித்துப் பார்ப்பார் இதனை உணர்வர்.

குறியீடுகளைத் தமிழில் முதன்முதற் புகுத்தியவர் நாவலரே என்பாரும் உளர். அது மிகையாம், பாதிரிமார் அச்சகங்கள் அவற்றை முன்னரே கையாண்டன. சைவ நூல்களிலும் பாலபாடங்களிலும் அவற்றை இடனறிந்து ஒழுங்குற ஆண்டதே நாவலர்க்குரிய பெருமை.

சந்தி பிரித்தலும் அவ்வாறே. 'அவனதனைக்கண்டானென்றனர்' எனச் சேர்த்தெழுதின் இளஞ்சிறான் மயங்குவான். 'அவன் அதனைக் கண்டான் என்றனர்' எனின் தானே படிப்பான். இதனை இலக்கண வழு எனக் கடிதல் பொருந்தாது. பிரித்தவிடத்தும் வல்லெழுத்து மிகுந்தே நிற்றலைக் காண்க. உரைநடையிற் புணர்ச்சியை வேண்டுமளவே கொள்ளுதல் பிற்காலத்தார் அனைவரும் மேற்கொண்ட நெறியாயிற்று.

நாவலர் நடையில் வடசொற்கள் மிகுதி. அது பற்றி அவர் நடையைத் தெளிவற்றது என்பாரை எம்மால் உடன்பட இயலவில்லை. சொல்லின் அருமை வேறு, தொடரின் மயக்கம் வேறு. அருஞ்சொல்லை அகராதி தீர்க்கும். எச்சங்கள் அடுக்கி எழுவாயை இழந்த தொடரை எதுவும் தீர்க்காது. நாவலர் வாக்கியங்களுள் நெடியனவும் பல; ஆயின் அவற்றில் வினைகள் நிகழ்ச்சி நடந்த முறையே நிரல்படச் செல்லும்.

பெரியபுராண வசனத்தொடு அவர் எழுதிய சூசனத்தையும் ஒப்புநோக்குதல் நன்று. முன்னது கதை கூறுதலின் நேரே ஓடுகின்றது. பின்னது கதையின் உட்பொருளை நிறுவப் புகுதலின் மேற்கோளும் தடைவிடையும் பெற்று, பழைய உரையாசிரியர் நடையை அணுகுகின்றது. வசனத்தைச் சிறாரும் படித்தனர். சூசனம் இன்றும் ஆசிரியன் துணையை வேண்டியே நிற்கின்றது.